ஊர்கூட்டித் தேரிழுத்த பெருந்தலைவர்

ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏரியைத் தன் பெருஞ்செல்வமாகக் கொண்டு அமைந்த ஊர் பருத்திப்பட்டு. ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த இத்தகைய சிற்றூர்கள் சூழ்ந்த ஆவடியில், 1955 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இந்தியத் தேசியக் காங்கிரசின் அறுபதாவது மாநாடு கூடியது. யு. என். தேபர் தலைமை ஏற்றார். பண்டித நேரு உள்ளிட்ட தலைவர்கள் வந்திருந்தனர். சோசலிச பாணிச் சமுதாயத்தை அமைப்பதே நாட்டின் குறிக்கோள் என்னும் தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அதுமுதல் ஆவடி என்னும் பெயர் இந்திய அரசியல் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

அம்மாநாட்டை ஏற்று நடத்திய மாநிலத்தின் முதலமைச்சர் கு. காமராசர். அப்பொறுப்புக்கு அவர் வந்து ஒன்பது திங்களே ஆகியிருந்தன. மாநாடு முடிந்தது, பந்தல் பிரிக்கப்பட்டது, தலைவர்கள் ஊர் திரும்பினர். தீர்மானத்தில் சொல்லப்பட்ட சமுதாயம் ஏரிக்கரை ஊர்களின் தெருக்களுக்கு எந்த வழியாக வந்து சேரும் என்ற கேள்வி எஞ்சி நின்றது. அக்கேள்விக்குக் காமராசர் தேடிய விடை, ஊராட்சியும் ஊர்ப்பள்ளியும் ஆகும். அந்த விடையை அவர் கற்றுக்கொண்ட இடம் கோட்டையன்று. தென்பாண்டிச் சீமையில் கரிசல் மண்ணில் எழுந்த ஒரு சிறு வணிக நகரம்.

மகமை வளர்த்த ஊர்

விருதுபட்டி என்று அந்நாளில் வழங்கப்பட்ட விருதுநகரில், 1903 ஆம் ஆண்டு சூலை 15 ஆம் நாள், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார் காமராசர். குலதெய்வமான காமாட்சியின் பெயரை இட்டனர். தாய் ராசா என்று அழைத்து மகிழ்ந்தார். இரண்டு பெயரும் இணைந்து காமராசர் ஆயிற்று. தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். தாயும் தங்கை நாகம்மாளும் அவருமாகக் குடும்பம் சுருங்கியது.

விருதுநகரின் வணிகர்கள் தங்களுக்கென ஒரு நடைமுறை வைத்திருந்தனர். வாங்கும் மூட்டைக்கும் விற்கும் மூட்டைக்கும் சிறு தொகையைப் பொதுவுக்கென ஒதுக்கினர். மகமை என்பது அதன் பெயர். உறவின்முறை கூடி அப்பணத்தைக் கோயிலுக்கும், குளத்துக்கும், கல்விக்கும் செலவிட்டது. எவரும் ஏய்க்காமல் கொடுத்தனர். கணக்கு ஊர் முன்னே படிக்கப்பட்டமையால் எவரும் ஐயுறவும் இடமில்லை. அரசாங்கத்தின் ஆணை இல்லாமலேயே வரி தண்டி, அதனை முறையாகச் செலவிட்ட அமைப்பு அது.

காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை இம்முயற்சியின் கனி. அப்பள்ளிக்காக வீடுதோறும் பெண்கள், நாள்தோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தனர். சேர்ந்த அரிசி விற்கப்பட்டு, ஆசிரியரின் ஊதியத்துக்கும் பள்ளியின் செலவுக்கும் உதவியது. பிடியரிசிப் பள்ளி என்றே மக்கள் அதனை அழைத்தனர். நாடார் சமுதாயத்தின் மகமையில் வளர்ந்தாலும் பிற சமுதாயப் பிள்ளைகளுக்கும் அதன் கதவு திறந்திருந்தது.

அங்கே காமராசர் நெடுநாள் பயிலவில்லை. குடும்பத்தின் வறுமை அவரைப் பன்னிரண்டு வயதளவில் தாய்மாமனின் துணிக்கடைக்கு அனுப்பியது. எழுத்தறிவு அவ்வளவில் நின்றதாயினும், ஒரு பிடி அரிசியிலிருந்து பள்ளிக்கூடம் எழும் என்னும் உண்மை அவருடைய மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. பிற்காலத்தில் அவர் செய்த பெரும்பணிகளின் வித்து அதுவே எனலாம்.

களம் புகுதல்

துணிக்கடையில் முழம் போட்ட கைகளுக்கு அரசியல் மேடையே பிடித்திருந்தது. கடையை விட்டுவிட்டுக் கூட்டங்களுக்குச் செல்லும் பிள்ளையை மாற்றக் கருதிய குடும்பத்தார், திருவனந்தபுரத்தில் இருந்த மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினர். அங்கும் அவர் அடங்கவில்லை. தீண்டாமையை எதிர்த்து வைக்கத்தில் நடந்த போராட்டத்தில் பங்குகொண்டார். திரும்பி வந்தவர் காங்கிரசின் முழுநேரத் தொண்டராக நிலைத்துவிட்டார். திருமணப் பேச்சை அவர் ஏற்கவில்லை.

1930 இல் இராசாசி தலைமையில் வேதாரணியம் உப்பு அறப்போர் நடந்தபோது சிறை புகுந்த அவர், வங்காளத்தின் அலிப்பூர்ச் சிறைவரை அனுப்பப்பட்டார். பின்னரும் பலமுறை சிறைவாசம் தொடர்ந்தது. வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையிலேயே கழிந்தன. 1937 இல் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1940 இல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவரானார்.

இவ்வளர்ச்சியில் அவருக்கு ஆசானாக விளங்கியவர் தீரர் சத்தியமூர்த்தி. 1936 இல் சத்தியமூர்த்தி தலைவர், காமராசர் செயலாளர். 1940 இல் மாணவர் தலைவரானபோது ஆசான் செயலாளராக இருந்து பணியாற்றினார். பதவியின் உயர்வு தாழ்வைப் பொருட்படுத்தாத அன்பு இருவரிடையே நிலவியது.

சத்தியமூர்த்தி 1939 முதல் 1940 வரை சென்னை மாநகரத் தந்தையாக இருந்தார். குடிநீருக்குத் தவித்த சென்னைக்காகப் பூண்டியில் நீர்த்தேக்கம் அமைக்க அவர் அரசோடு போராடி இசைவு பெற்றார். 1943 இல் அவர் மறைந்தார். அவர் காணாத அந்த நீர்த்தேக்கம் 1944 இல் நிறைவுற்றுப் பின்னர் அவர் பெயரையே தாங்கியது. உள்ளாட்சிப் பொறுப்பு ஒன்றில் ஓராண்டு இருப்பவரும் பல தலைமுறைக்குத் தண்ணீர் தர முடியும் என்பதற்கு அது சான்று. ஆவடி மாநாடு நடந்த திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் சூட்டப்பட்டதில் மாணவரின் நன்றி விளங்குகிறது.

ஏற்க மறுத்த நாற்காலி

1940 ஆம் ஆண்டின் இறுதியில் காமராசர் கைதுசெய்யப்பட்டு வேலூர்ச் சிறையில் காவலில் வைக்கப்பட்டார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1941 இல், விருதுநகர் நகரமன்றம் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பிறந்த ஊர் தன் மகனுக்குச் செய்த சிறப்பு அது. துணிக்கடைச் சிறுவனாகத் தெருவில் நடந்தவருக்கு அத்தெருவையே ஆளும் பொறுப்பு வந்து வாய்த்தது.

விடுதலை பெற்றுத் திரும்பிய அவர் நகரமன்றத்துக்குச் சென்றார். தலைவரின் இருக்கையில் அமர்ந்து கூட்டத்தை நடத்தினார். தம்மேல் அன்பு வைத்தவர்களுக்கு நன்றி கூறினார். பின்னர் அப்பதவியிலிருந்து விலகிக்கொண்டார். நாடு முழுவதும் போராட்டப் பணியில் அலையும் ஒருவர் ஊரின் குப்பையையும் விளக்கையும் குடிநீரையும் நாள்தோறும் கவனிக்க இயலாது. முழுமையாகச் செய்ய இயலாத பொறுப்பை ஏற்றிருப்பது முறையாகாது என்பது அவர் சொன்ன காரணம்.

அந்நாளில் நகரமன்றத் தலைமை என்பது செல்வாக்கின் அடையாளம். பெயருக்காகவேனும் அதனை வைத்திருக்க விழைந்தோர் பலர். உள்ளாட்சிப் பதவியைச் சிறியது என்று கருதி அவர் விட்டுவிடவில்லை. நாள்முழுதும் உழைப்பைக் கேட்கும் பெரிய பொறுப்பு என்று கருதியதாலேயே விட்டார். சில மாதங்களில், 1942 ஆகத்துப் போராட்டத்தை ஒட்டி அவர் மீண்டும் சிறை சென்று 1945 வரை அங்கிருந்தார் என்பதை எண்ணும்போது, அம்முடிவு எத்துணைப் பொருத்தமானது என்பது விளங்கும்.

பகலுணவு

1954 ஏப்பிரல் 13 ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். முந்தைய ஆட்சி கொண்டுவந்து பெரும் எதிர்ப்புக்குள்ளான அரைநாள் கல்வித் திட்டத்தை அவர் அரசு கைவிட்டது. பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளி திறப்பதும், பள்ளி உள்ள ஊர்களில் பிள்ளைகளை அதன் உள்ளே கொண்டுவருவதும் அவர் முன் நின்ற இரு பணிகள். முதற்பணிக்கு அரசாணை போதும். இரண்டாவது பணிக்குக் குறுக்கே நின்றது பசி.

மாடு மேய்க்கும் சிறுவனை வழியில் கண்டு, பள்ளிக்குச் செல்லாமைக்குக் காரணம் கேட்டதாகவும், அவன் சாப்பாடு போட்டால் வருவதாகச் சொன்னதாகவும் ஒரு செய்தி தமிழ்நாடெங்கும் வழங்குகிறது. அச்சொல் அவருக்குப் புதிதன்று. வறுமையால் பள்ளியை விட்ட பிள்ளையின் நிலை அவருடைய வாழ்வாகவே இருந்தது.

1956 இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் பகலுணவுத் திட்டத்தை அவர் தொடங்கிவைத்தார். தேவையானால் ஊர் ஊராகச் சென்று இதற்காகப் பிச்சையெடுக்கவும் தாம் அணியமாக இருப்பதாக அங்கே அவர் கூறினார். அவர் தொடங்கிய முறையிலேயே விருதுநகரின் பிடியரிசி தெரிகிறது. உணவுக்கான முழுச்செலவையும் அரசு ஏற்கவில்லை. தொடக்கத்தில் ஊராரின் நன்கொடையே அடித்தளமாக அமைந்தது. 1957 முதல் செலவில் ஐந்தில் மூன்று பங்கை அரசு ஏற்க, எஞ்சியதை ஊர் ஏற்றது. ஒருவர் அரிசி தந்தார். ஒருவர் விறகு தந்தார். ஒருவர் பாத்திரம் தந்தார். கொடுக்க ஒன்றுமில்லாதவர் சமைக்கவும் பரிமாறவும் வந்தார். பிற்காலத்தில் வெளிநாட்டு அறநிறுவனமாகிய கேர் அமைப்பின் உதவியும் சேர்ந்தது.

இதில் இடர்ப்பாடும் இருந்தது. வளமான ஊரில் உணவு தடையின்றி நடந்தது. வறண்ட ஊரில் நன்கொடை வற்றினால் அடுப்பும் அணைந்தது. எந்த ஊரில் பசி மிகுதியோ அந்த ஊரில் கொடுப்பாரும் குறைவு. இக்குறையை மறைப்பதற்கில்லை. ஆயினும், ஊர்ப்பிள்ளையின் பசி ஊரார் அனைவரின் பொறுப்பு என்னும் எண்ணத்தை அத்திட்டம் தெருத்தெருவாகக் கொண்டு சேர்த்தது. மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று பிரிந்து உண்ட ஊர்களில் பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர்.

கடம்பத்தூரில் பிறந்த இயக்கம்

உணவுக்கு அடுத்து வந்தது பள்ளிக் கட்டடம். கூரை ஒழுகும் பள்ளிகள், கரும்பலகை இல்லாத வகுப்புகள், அமர மணையும் இல்லாத பிள்ளைகள் என்பதே அன்றைய பல ஊர்களின் நிலை. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, முதலமைச்சரின் துணையோடு பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தைத் தொடங்கினார். அதன் முதல் மாநாடு 1958 இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடியது. ஆவடியிலிருந்து திருவள்ளூர் வழியாக மேற்கே செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த சிற்றூர் அது. நாடறிந்த தீர்மானம் நிறைவேறிய ஆவடிக்குச் சில நிலையங்கள் அப்பால், அத்தீர்மானத்தின் பொருளை ஊரார் தம் கைப்பொருளால் எழுதிக் காட்டினர்.

மாநாட்டின் முறை எளியது. முதலில் அந்தந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று ஊரார் கூடிப் பட்டியல் எழுதுவர். நிலம், கட்டடம், நாற்காலி, கரும்பலகை, கடிகாரம், மணி, தண்ணீர்ப் பானை, ஏழைப் பிள்ளைகளுக்கு உடை என்று அப்பட்டியல் நீளும். பின்னர் ஒவ்வொன்றையும் இன்னார் தருவது என்று ஊரிலேயே முடிவாகும். மாநாட்டு நாளில் கொடுத்தவர்களின் பெயர் மேடையில் படிக்கப்படும். கொடுத்தது நூறு ரூபாயாயினும் ஒரு பானையாயினும் சிறப்பு ஒன்றே. காமராசர் இம்மாநாடுகள் பலவற்றுக்குத் தாமே சென்றார். மாவட்டந்தோறும் இவை தொடர்ந்து நடந்தன. மகமைக் கணக்கை ஊர் முன்னே படித்த விருதுநகர் வழக்கத்தின் விரிவே இது.

ஊராட்சி ஒன்றியம்

தேசிய அளவில் பல்வந்தராய் மேத்தா குழு 1957 இறுதியில் தன் அறிக்கையை அளித்தது. ஊர், வட்டாரம், மாவட்டம் என்னும் மூன்று நிலையில் மக்களாட்சி வேரூன்ற வேண்டும் என்பது அதன் கருத்து. இராசத்தானத்து நாகௌரில் 1959 அக்டோபர் 2 ஆம் நாள் பண்டித நேரு புதிய பஞ்சாயத்து ஆட்சிமுறையைத் தொடங்கிவைத்தார். அதற்கு முன்னரே சென்னை மாநிலம் 1958 ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தை இயற்றிவிட்டது. அவ்வமைச்சரவையில் உள்ளாட்சித் துறையை ஏற்றிருந்தவர் லூர்தம்மாள் சைமன். குமரி மாவட்டக் கடலோர மக்களிடையிலிருந்து வந்து, குளச்சல் தொகுதியில் வென்ற பெண்மணி அவர்.

புதிய சட்டம் பழைய மாவட்டக் கழகங்களுக்கு விடைகொடுத்தது. செல்வரும் நிலக்கிழாரும் வீற்றிருந்த அவ்வமைப்பு சிற்றூருக்கு எட்டாத் தொலைவில் இருந்தது. அதற்கு மாற்றாக, சிற்றூர்கள் பலவற்றை இணைத்து ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. ஊராட்சித் தலைவர்களே ஒன்றியக் குழுவின் உறுப்பினராயினர். ஊர்ச்சாலை, குடிநீர்க் கிணறு, மருந்தகம், தொடக்கப்பள்ளி ஆகியவை ஒன்றியத்தின் பொறுப்பாயின. சிற்றூர்ப் பள்ளிகளின் வாயிலில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி என்று எழுதப்பட்டிருப்பது அச்சட்டம் விட்டுச்சென்ற கையெழுத்து.

இதன் நிதிமுறையில் ஒரு நுட்பம் உண்டு. ஊராட்சி தண்டும் வீட்டு வரிக்கு ஈடாக அரசும் ஒரு தொகையை இணை மானியமாக வழங்கியது. ஊர் ஒரு ரூபாய் திரட்டினால் அரசின் பங்கும் உடன் வந்து சேரும். ஊர் வாளாவிருந்தால் அரசின் உதவியும் குறையும். பகலுணவில் கண்ட அதே நெறி இங்கே சட்டமாகியது. ஊரார் வடத்தில் கைவைத்தால் அரசும் தோள்கொடுக்கும், தேர் நகரும்.

சட்டத்தால் எல்லாம் சீராகிவிடவில்லை. பல ஊர்களில் நிலமும் சாதிச் செல்வாக்கும் உடையவரே தலைவரானார். சேரிக்கு விளக்குக்கம்பம் வருவதற்கு ஊர்த்தெருவின் இசைவை எதிர்நோக்க வேண்டியிருந்தது. ஒன்றியத்தின் ஆணையராக அமர்ந்த அரசு அலுவலரின் கை மேலோங்கியதும் உண்டு. ஆயினும், கோட்டையில் மனுக்கொடுத்துக் காத்திருந்த ஊரார், தம்முள் ஒருவரை அமர்த்தி அவரிடமே கணக்குக் கேட்கும் நிலை அதன்பின்தான் வந்தது.

வீட்டு வாயிலில் ஒரு குழாய்

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது நடந்ததாக விருதுநகரில் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. முதலமைச்சரின் தாய் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது. அதனைக் கண்ட அலுவலர்கள், அவ்வீட்டுக்கென்று தனிக்குழாய் இணைப்பு ஒன்றை அமைத்தனர். ஊருக்கு வந்த காமராசர் அதனைக் கண்டார். அத்தெருவில் பிறர்க்கு இல்லாத வசதி தம் வீட்டுக்கு மட்டும் எப்படி வந்தது என்று வினவி, அதனை உடனே அகற்றச் செய்தார்.

முதியவரான தாயின் நோக்கில் அது கடுமையே. பெற்ற அன்னைக்கு ஒரு குடம் தண்ணீர் எளிதில் கிடைப்பதால் நாடு குறைந்துவிடாது என்று எவரும் எண்ணக்கூடும். ஆனால் நகரமன்றத்தின் தண்ணீர் தெருவாருக்குப் பொதுவானது. முதலமைச்சரின் வீட்டுக்கு வளைந்த குழாய், நாளை நகரமன்றத் தலைவர் வீட்டுக்கும், மறுநாள் உறுப்பினர் வீட்டுக்கும் வளையும். மகமைப் பணத்தில் ஒரு காசும் தனிக்கைக்குப் போகாத ஊரில் வளர்ந்தவருக்கு அது விளங்காமல் இல்லை. பாசத்தின் பக்கம் ஒரு குடமும் முறையின் பக்கம் ஒரு தெருவும் இருந்தன. அவர் தெருவின் பக்கம் நின்றார். அன்னையின் மனவருத்தத்தை அவர் தம் நெஞ்சில் ஏற்றுக்கொண்டார்.

இறுதி நாள்கள்

ஒன்பது ஆண்டுகள் ஆட்சி நடத்திய பின், மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப்பணிக்குத் திரும்பவேண்டும் என்னும் திட்டத்தை முன்வைத்து, 1963 அக்டோபர் 2 ஆம் நாள் தாமே முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். பின்னர் அனைத்திந்தியக் காங்கிரசின் தலைவரானார். நேருவின் மறைவுக்குப் பின் 1964 இலும், சாத்திரியின் மறைவுக்குப் பின் 1966 இலும் தலைமையமைச்சரைத் தெரிவுசெய்வதில் முதன்மைப் பங்காற்றினார். 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோல்வியுற்றார். தம்மை வளர்த்த ஊர் தம்மை விலக்கியபோதும் அவர் மக்களைக் குறைகூறவில்லை. 1969 இல் நாகர்கோவில் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1975 அக்டோபர் 2 ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், சென்னையில் அவர் மறைந்தார். சில கதர் உடைகளும் நூல்களும் சிறு தொகையுமே அவர் விட்டுச்சென்றவை. அடுத்த ஆண்டு பாரத ரத்தினா விருது அவருக்கு வழங்கப்பட்டது.

எஞ்சி நிற்பது

அவர் தொடங்கிய இரு பணிகளும் இருவேறு வழியில் சென்றன. பகலுணவு வளர்ந்தது. 1982 இல் எம்.ஜி.ஆர். அரசு அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கி முழுச்செலவையும் ஏற்றது. வறண்ட ஊரின் அடுப்பு அணையும் குறை அதனால் நீங்கியது. 2022 இல் காலை உணவும் சேர்ந்தது. இது அவர் கனவின் நிறைவு என்பதில் ஐயமில்லை.

ஊராட்சியோ தளர்ந்தது. 1970 ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் 1986 வரை ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்களே ஊரை ஆண்டனர். அரசியலமைப்பின் எழுபத்து மூன்றாம் திருத்தமும் 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்து, 1996 இல் மீண்டும் முறையான தேர்தல் நடந்தது. 2016 இல் முடிந்த பதவிக்காலத்துக்குப் பின்னரும் மூன்றாண்டு இடைவெளி ஏற்பட்டது. தலைவர் இல்லாத அந்த ஆண்டுகளில் ஊரார் கேள்வி கேட்கும் பழக்கத்தையும், பொதுப்பணியில் கைகொடுக்கும் பழக்கத்தையும் சிறிது சிறிதாக மறந்தனர். அரசு தரும், ஊர் பெறும் என்னும் மனநிலை ஊன்றிவிட்டது. பிள்ளைக்கு உணவு கிடைத்தது. உலையரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்த கை மட்டும் ஓய்ந்துவிட்டது.

பருத்திப்பட்டைத் தன்னுள் கொண்ட ஆவடி 2019 இல் மாநகராட்சியாக உயர்ந்தது. அதே ஆண்டில் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, நடைபாதையோடு மக்களுக்குத் திறக்கப்பட்டது. வயல்கள் குடியிருப்புகளாயின, எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அண்டை அயலாராயினர். ஊர் பெரிதாகும்போது அதன் பொதுச்சொத்தும் பெரிதாகிறது. அதனைக் காக்கும் கைகளும் பெருகவேண்டும். ஏரிக்கரையில் குப்பை கொட்டாமை, பள்ளியின் தேவையறிந்து உதவுதல், வார்டு உறுப்பினரிடம் கணக்குக் கேட்டல், கேட்பதற்கு முன் தன் வரியைச் செலுத்துதல் ஆகியவை இன்றைய பிடியரிசி.

சிறையிலிருந்தபோது தேடிவந்த நாற்காலியை அமர்ந்து பார்த்துவிட்டு எழுந்த அந்த மனிதர், உள்ளாட்சிக்கு ஒரு மதிப்பைத் தந்துவிட்டுச் சென்றார். அந்நாற்காலியில் அமர்வோர் நாள்முழுதும் ஊருக்காக உழைக்கவேண்டும் என்பது அவர் வகுத்த அளவுகோல். அதன் எதிரே நிற்கும் ஊராரும் வடத்தைத் தொடாமல் தேர் ஓடவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. ஊர் கூடட்டும், தேர் ஓடட்டும்.